எந்த வீட்டிலும் இல்லாத ஓட்டு

டென்சில் லஸ்கம் எங்கள் ஊரின் சகோதர ஊர்க் கமிட்டிக்குத் தலைவரானதற்குக் காரணம், கூட்டத்திலிருந்து சீக்கிரம் எழுந்துபோக அவருக்குத் தெரியாது என்பதுதான். இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் ஊரான கூம்ஃபோர்டில் எந்தச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டமானாலும் விவரம் தெரிந்தவர்கள் தேநீர் இடைவேளையோடு கழன்றுகொள்வார்கள். பதவிக்கு ஆள் பிடிப்பது அதற்குப் பிறகுதான். அந்த ஆண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தவர்கள் டென்சில், நான், நாற்காலியிலேயே தூங்கிப்போன சிரில் என்ற முதியவர். டென்சில் தலைவர், நான் செயலாளர், சிரில் பொருளாளர் என்று முடிவானது. சிரிலுக்கு மறுநாள்தான் தகவல் சொன்னோம்.

பிரான்சின் நார்மண்டியில் இருக்கும் வெர்லான் என்ற ஊரும் எங்களுடையதும் சகோதர ஊர்கள். ஊர் எல்லைப் பலகையில் எங்கள் பெயருக்குக் கீழே அவர்கள் பெயர் இருக்கும். ஓராண்டு நாங்கள் அங்கே போவோம், மறு ஆண்டு அவர்கள் இங்கே வருவார்கள். யாரும் விடுதியில் தங்குவதில்லை. வீட்டுக்கு இருவராகப் பிரித்துக்கொள்வோம். மூன்று நாள் ஒருவர் சமையலை ஒருவர் புகழ்ந்துவிட்டுக் களைத்துப் பிரிவோம். இதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் போட்ட ஓர் ஒப்பந்தப் பத்திரமும் உண்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு நகர மன்றச் சுவரில் மாட்டியிருக்கிறது.

டென்சில் ஊருக்கு வெளியே ஒரு சிறிய பால் பண்ணையில் பிறந்தவர். இவ்வளவுக்கு மேல் கறந்து விற்கக் கூடாது என்று பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஐரோப்பிய அதிகாரிகளிடமிருந்து பால் கோட்டா வந்தபோது அவருடைய அப்பா மாடுகளை விற்றுவிட்டார். டென்சில் மற்றவர்களின் பாலைச் சேகரிக்கும் டேங்கர் லாரி ஓட்டினார், பிறகு பேருந்து. அவர் வேலை பார்த்த நிறுவனத்தை யார் யாரோ வாங்கினார்கள், விற்றார்கள், வண்டியின் நிறத்தை மாற்றினார்கள். டென்சில் அதே இருக்கையில் உட்கார்ந்திருந்தார். குரல் போன பிறகும் தேவாலயப் பாடகர் குழுவில் நின்றார். அவர் ஆதரித்த கால்பந்து அணி பிரிவு பிரிவாகக் கீழே இறங்கியபோது அவரும் கூடவே இறங்கினார். பிறந்த வீட்டிலேயே குடியிருந்தார். மனைவி மார்லீனைத் தவிர வேறு பெண்ணை அவர் காதலித்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மார்லீனே அதைக் கொஞ்சம் சலிப்போடுதான் சொல்வாள்.

வெர்லானுக்கு அவர் முதன்முதலில் போனது எங்கள் பேருந்தின் ஓட்டுநராக. நாங்கள் உள்ளே நகரத் தந்தையின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, வெளியே நின்ற டென்சிலை எர்வே என்ற பண்ணைக்காரர் தன் மாட்டுக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். நான் தேடிக்கொண்டு போனபோது இருவரும் ஒரு புள்ளி மாட்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு பசுவை அவ்வளவு நேரம் பேசாமல் பார்த்து நான் கண்டதில்லை. அடுத்த முறை பார்த்தபோது எர்வே ஆங்கிலம் கற்றுக்கொண்டிருந்தார். டென்சில் பிரெஞ்சு கற்றுக்கொள்ளவில்லை. அது எங்கள் ஊர் வழக்கம். வெளிநாட்டவர் நம் மொழியைக் கற்கும்வரை பொறுமையாகக் காத்திருப்பதை நாங்கள் விருந்தோம்பல் என்று நினைத்துக்கொள்கிறோம்.

இரண்டாயிரத்துப் பதினாறில் ஒப்பந்தத்துக்கு முப்பது ஆண்டு நிறைவு. வெர்லான்காரர்கள் வருகிற முறை. இரு ஊர்க் கமிட்டித் தலைவர்களும் புதுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும்; அவர்கள் பக்கத்துத் தலைவர் இப்போது எர்வே. தேதியைக் குறித்தது நான். ஜூன் கடைசி வாரம், வெள்ளி முதல் ஞாயிறு வரை. ஊர் மண்டபம் அப்போதுதான் காலியாக இருந்தது. அதற்கு முந்தின நாள் வியாழக்கிழமை, நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா வெளியேறுவதா என்ற பொதுவாக்கெடுப்பு. எனக்குத் தெரியாமல் இல்லை. “முந்தின நாள் இங்கே சிறிய ஓட்டுப்பதிவு ஒன்று இருக்கிறது, நம் நிகழ்ச்சிக்கு அதனால் எந்த இடைஞ்சலும் இராது” என்று எர்வேக்கு நானே எழுதினேன். நிலநடுக்கம் வந்தாலும் தேநீர் நேரத்துக்கு நின்றுவிடும் என்று நம்புகிற ஆள் நான்.

நூலகம் மூடப்படும்வரை அதைப் பார்த்துக்கொண்டவன் என்பதால் நான் படித்தவன் என்று ஊரில் ஓர் எண்ணம் உண்டு. இந்த விவகாரத்திலும் இரு பக்கத்து வாதங்களையும் முழுக்கப் படித்தேன். அதனால் கிடைத்த ஒரே பலன், யார் எது பேசினாலும் “நீங்க சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு” என்று சொல்ல முடிந்ததுதான். இருக்க வேண்டும் என்றவர்களும் வெளியேற வேண்டும் என்றவர்களும் என்னைத் தங்கள் ஆள் என்று நம்பினார்கள். பல நாட்கள் நானும் அப்படியே நம்பினேன்.

கமிட்டியில் இதைப் பற்றி யாரும் பேசவில்லை. எங்கள் ஊரில் மருத்துவரின் காத்திருப்பு அறையில் மலச்சிக்கலைப் பற்றி விரிவாகச் சொல்வார்கள், ஓட்டைப் பற்றி மூச்சுவிட மாட்டார்கள். மே மாதக் கூட்டத்தில் மட்டும் கறிக்கடை கென் நார்த்காட் மெதுவாக ஆரம்பித்தார். நெடுஞ்சாலை ஓரம் அவருடைய வயலில் ‘வெளியேறுவோம்’ என்ற பலகை கொட்டகை அளவுக்கு நின்றுகொண்டிருந்தது.

“தலைவரே, இதர விஷயங்கள்ல ஒண்ணு. அந்த ஓட்டு. அவங்க வந்து கேட்டா என்ன சொல்றது?”

டென்சில் கடிகாரத்தைப் பார்த்தார். “நேரமாச்சு. சாவிய ஒப்படைக்கணும்.”

“கேக்க மாட்டாங்க, கென்,” என்றேன். “நாகரிகம் தெரிஞ்சவங்க.”

சாப்பாட்டுப் பொறுப்பில் இருந்த மார்லீன் சிரித்தாள். “ராசா, அவங்க பிரெஞ்சுக்காரங்க. போன தடவ என் பல்லு செட்டு எவ்வளவுன்னு கேட்டாங்க.”

அதோடு கூட்டம் முடிந்தது. மார்லீன் தன் சமையலறை ஜன்னலில் ‘இருப்போம்’ என்ற தாளை ஒட்டியிருந்தாள். வேலியைத் தவிர வேறு எதற்கும் அது தெரியாது. பக்கத்து வீட்டார் மனம் புண்படக் கூடாதாம்.

வியாழக்கிழமை ஓட்டுச்சாவடித் தடுப்புக்குள் பென்சிலோடு நான் நின்ற நேரத்தைப் பார்த்து, மேசையில் இருந்த பெண்மணி “ரோலண்ட், உடம்புக்கு ஒண்ணுமில்லையே?” என்று குரல் கொடுத்தாள். நான் ‘இருப்போம்’ என்றே போட்டேன். நூலக அட்டையைப் புதுப்பிக்கிறவனின் உற்சாகத்தோடு, எண்ணுகிறவர்களுக்குத் தெரியுமோ தெரியாதோ என்ற அளவுக்கு மெல்லிய கோடுகளாக.

முடிவு வந்தபோது வெர்லான்காரர்கள் கடலில் இருந்தார்கள். வியாழன் இரவு கப்பல் ஏறியபோது நாங்கள் அவர்களோடு ஒரே ஒன்றியத்தில் இருந்தோம். கரை இறங்கியபோது நாங்கள் கிளம்புவதாக அறிவித்திருந்தோம்.

காலையில் மண்டபத்துக்குப் போனால் ஓட்டுத் தடுப்புகளை இன்னும் யாரும் எடுத்துப் போகவில்லை. அவற்றின் மேலேயே பிரெஞ்சுக் கொடித் தோரணத்தைக் கட்டினோம். டென்சில் ஏணியில் நின்றபடி கட்டிக்கொண்டே இருந்தார், தோரணம் தீர்ந்த பிறகும் முடிச்சுகளைச் சரிபார்த்துக்கொண்டு. மார்லீன் ஸ்கோன் ரொட்டிகளின் மேல் பாலாடையை அறைகிற மாதிரி தடவிக்கொண்டிருந்தாள்.

“பாலாடை என்ன தப்பு பண்ணுச்சு?” என்றார் கென்.

“உங்க பலக எங்க, கென்? வரும்போது காணோமே.”

“எந்தப் பலக?” என்றார் கென்.

வயலில் இரண்டு குழிகள்தான் இருந்தன.

பேருந்து வந்தது. இறங்கியவர்கள் எங்களைப் பார்த்தார்கள், நாங்கள் அவர்களைப் பார்த்தோம். பிறகு எங்கள் ஊர் முழுவதும் ஒரே கேள்வியைக் கேட்டது: “கடல் எப்படி இருந்துச்சு?” அமைதியாக இருந்தது என்றார்கள். ரொம்ப நல்லது என்றோம். இந்தப் பருவத்தில் சில சமயம் அலை இருக்கும் என்றோம். இன்று இல்லை என்றார்கள். இப்படியே மதிய உணவுவரை கடலைப் பற்றிப் பேசினோம். மீனவர்கள்கூட அவ்வளவு பேச மாட்டார்கள்.

அன்று மாலை டென்சில் வீட்டில் எனக்கும் சாப்பாடு. எர்வே எப்போதும் தங்குவது அங்கேதான். நெடுநெடுவென்று உயரம், கதவு நிலையில் குனிந்து வருவார். ஆட்டுக்கறியை வெட்டிக்கொண்டே, உப்பு கேட்கிற குரலில் கேட்டார்.

“சரி, சொல்லுங்க. நீங்க என்ன ஓட்டுப் போட்டீங்க?”

நான் ஓர் உருளைக்கிழங்கை முழுதாக வாயில் போட்டுக்கொண்டேன். மார்லீன் முந்திக்கொண்டாள். “நாங்க ரெண்டு பேரும் இருக்கணும்னுதான் போட்டோம். வேறென்ன போடுவோம்? ரோலண்டும் அப்படித்தான்.”

டென்சில் மென்றுகொண்டிருந்தார். அவர் எப்போதுமே நிதானமாக மெல்லுகிறவர்.

சனிக்கிழமை அனைவரும் பாலாடைக்கட்டி செய்யும் இடத்தைப் பார்க்கப் போனோம். திரும்பும்போது எர்வே பேருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பின் இருக்கைகளில் அவருடைய ஊர்க்காரர்கள் தங்களுக்குள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“ரோலண்ட், உங்களுக்கு நன்றி சொல்லணும்.”

“எதுக்கு?”

“எங்களத் தங்க வைக்க அவ்வளவு கவனமா வீடு தேடியிருக்கீங்க. காலைலேருந்து வண்டியில எல்லாரும் பேசிப் பாத்துட்டோம். ஒவ்வொரு வீட்லயும் கேட்டோம். எல்லாரும் இருக்கணும்னுதான் போட்டிருக்காங்க. இந்த ஊர்ல பாதிக்கு மேல வெளிய போகணும்னு போட்டதா பத்திரிகைல இருக்கு. அவங்கள்லாம் எங்க? காட்லயா இருக்காங்க?”

பேருந்து கென்னின் வயலைக் கடந்தது. எர்வே ஜன்னல் வழியே குழிகளைப் பார்த்தார். “இங்க என்ன மரம் வெச்சிருந்தாங்க? பிடுங்கி ரெண்டு நாள்கூட ஆகல போல.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“சிரிப்புதான், ஆரம்பத்துல. அப்புறம் அன்னிக் ஒண்ணு சொன்னா.” அன்னிக் அவர்களில் மூத்தவர், முதல் ஆண்டிலிருந்து வருகிறவர். “‘இத இவ்வளவு அழகா பொய் சொல்றாங்கன்னா, முப்பது வருஷமா நம்ம குடல் சாசேஜ் நல்லா இருக்குன்னு சொன்னாங்களே, அது?’ன்னு கேட்டா. அதுக்கப்புறம் யாரும் சிரிக்கல. ஒவ்வொருத்தரும் பழசெல்லாம் யோசிக்க ஆரம்பிச்சுட்டாங்க. நான் உங்க வீட்டுல பாடுனேனே, அது?”

“அது நல்லா இருந்துச்சு, எர்வே.”

“பாத்தீங்களா,” என்றார்.

பேருந்து மலைச்சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

“வெளிய போறது உங்க இஷ்டம். எனக்குப் பிடிக்கல. ஆனா உங்க இஷ்டம். இன்னிக்கு ராத்திரி நான் அந்தப் பத்திரத்துல கையெழுத்துப் போடணும். யாரோட போடுறேன்னே எனக்குத் தெரியலையே. ஒருத்தர், ஒரே ஒருத்தர் எங்கிட்ட வந்து ‘நான்தான்’னு சொல்லட்டும். அப்புறம் பேசலாம். இல்லன்னா நான் போட மாட்டேன்.”

ஒரு பொய்க்குப் பின்னோக்கி நடக்கவும் கால் உண்டு என்பதை நான் எவ்வளவோ புத்தகங்களில் படித்திருக்கலாம். படித்தும் இருப்பேன். புரிந்தது அந்தப் பேருந்தில்தான். சங்கடத்தைத் தவிர்க்க நாங்கள் வீட்டுக்கு வீடு தனித்தனியே சொன்ன ஒரே பொய், அவர்கள் எங்களோடு கழித்த எல்லாக் கோடைகளையும் தொட்டுவிட்டது. நாங்கள் ஒருவரோடு ஒருவர் கலந்து பேசிப் பொய் சொல்லியிருந்தாலாவது நாலைந்து வீடுகளுக்கு ‘வெளியேறுவோம்’ என்று ஒதுக்கியிருப்போம். கூடிப் பேசும் பழக்கம்தான் எங்களிடம் இல்லையே.

மாலை மண்டபத்தில் மேசைகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். டென்சில் நாற்காலிகளைச் சுமந்துகொண்டிருந்ததால் அவரை விட்டுவிட்டு, மற்றக் கமிட்டிக்காரர்களைச் சமையலறைக்குள் கூட்டிக் கதவைச் சாத்தினேன்.

“ஒரு ஆள் வேணும். வெளிய போகணும்னு ஓட்டுப் போட்ட ஒரு ஆள். போய் எர்வேகிட்டச் சொல்லணும்.”

கீரையை அலசிக்கொண்டிருந்தவர்கள் கீரையை அலசினார்கள்.

“கென்?”

“நான் ஏன்?”

“பலக, கென்.”

“அது வயலோடது. குத்தகைக்காரன் வெச்சான்.”

“உங்க வயலுக்குக் குத்தகைக்காரரே இல்லையே.”

“ரோலண்ட், ஓட்டு ரகசியம்னு சட்டம் இருக்கு. நீங்க படிச்சவரு.”

“தபால்கார ட்ரெவர போய்க் கேளுங்க,” என்றது ஒரு குரல். “அவன் மூஞ்சியே அப்படித்தான்.”

“ட்ரெவர் செத்துப்போயி ரெண்டு வருஷமாச்சு,” என்றாள் மார்லீன். “இங்க யாருமே இல்லன்னா, இல்லதான். எங்கருந்து ஆள் கொண்டு வர்றது? நாட்டையே வெளிய இழுத்துட்டு வந்தவன் ஒருத்தன்கூட இந்த அடுப்படில இல்லையாம்! நல்லா இருக்கு.”

வேறு வழி தெரியாமல், என் வாழ்நாளிலேயே துணிச்சலான ஒரு காரியத்தைச் செய்யத் தீர்மானித்தேன். நானே அந்த ஆள் என்று சொல்லிவிடுவது. பொய்யால் வந்த நோய்க்கு இன்னொரு பொய் மருந்து. கொள்கை அளவில் இதை ஆதரிக்கவும் எதிர்க்கவும் என்னிடம் வாதங்கள் இருந்தன. ஆனால் நேரம் இல்லை. மண்டப வாசலில் நின்ற எர்வேயிடம் போய், “எர்வே, நான்தான்,” என்றேன்.

“நீங்கதான் என்ன?”

“வெளியேறணும்னு போட்டவன்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முதல்முறையாக அன்று வாய்விட்டுச் சிரித்தார். “நீங்களா? ஓட்டல்லேருந்து எழுந்து போகும்போது நாற்காலிகிட்ட மன்னிப்புக் கேக்குற ஆளு நீங்க. போங்க ரோலண்ட், போயி உக்காருங்க.”

உண்மையை நம்பவைக்க முடியாதவர்கள் உண்டு. நான் பொய்யையும் நம்பவைக்க முடியாதவன்.

எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். முன் மேசையில் புதுப் பத்திரம், இரண்டு பேனா. சூப் பரிமாறிக்கொண்டிருந்தோம். நாற்காலிகளை அடுக்கிவிட்டு டென்சில் சமையலறைப் பக்கமிருந்து வந்தார். கதவுக்கு வெளியே நின்று நாங்கள் பேசியதைக் கேட்டிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு நேரே எர்வேயின் நாற்காலியிடம் போனார். பேருந்து ஓட்டியவரின் குரல் அது, எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியது. அவர் ரகசியமாகச் சொன்னதாக நினைத்தது மண்டபம் முழுக்கக் கேட்டது.

“எர்வே. வெளிய போகணும்னு போட்டது நான்.”

மார்லீன் கையில் இருந்த சூப் கிண்ணம் ஒரு பக்கமாகச் சாய்ந்து அன்னிக்கின் மடியில் சொட்டியது. அன்னிக் அதைக் கவனிக்கவில்லை.

“நேத்து சாப்பிடும்போது கேட்டேன்,” என்றார் எர்வே.

“மென்னுக்கிட்டிருந்தேன்.”

“ராத்திரி பூராவுமா?”

டென்சில் கையை மறுபடியும் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

“ஏன்?” என்றார் எர்வே.

“அந்தப் பால் கோட்டா. அப்பா மாட்ட வித்தாரு. உனக்குத்தான் தெரியுமே.”

“அதே கோட்டா எனக்கும் வந்துச்சு. நானும் மாடு வித்தேன். நீ பாத்துக்கிட்டே நின்னியே, அந்தப் புள்ளி மாட்டக்கூட வித்தேன்.”

டென்சில் தலையாட்டினார். “சரி. அது இல்ல. யாராவது கேட்டா சொல்றதுக்குன்னு வெச்சிருந்த காரணம் அது. எனக்கே தெரியல, எர்வே. பென்சில எடுத்தேன். ஒரு கட்டத்துல இருங்கன்னு எழுதியிருக்கு, இன்னொண்ணுல போங்கன்னு எழுதியிருக்கு. அறுபத்தெட்டு வருஷமா நான் எதுலேருந்தும் எழுந்து போனதில்ல. வீடு, வண்டி, பாட்டுக் குழு, இந்தக் கமிட்டி. ஒரு தடவ போய்ப் பாத்தா என்னன்னு தோணுச்சு. யாரும் மூஞ்சியப் பாக்காத எடத்துல.”

“நான் இருந்தேனே விட்டுட்டுப் போறதுக்கு!” என்றாள் மார்லீன். “கேட்டிருந்தா நானே பெட்டி கட்டிக் குடுத்திருப்பேன். அதுக்கு எதுக்கு நாட்டையே இழுக்குற?”

யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். எர்வே எழுந்து நின்றார். அவர் உயரத்துக்கு அது ஒரு சம்பவம்.

“எம் பொண்ணு வர்ற வருஷம் இங்க எக்ஸிடர்ல படிக்க வரணும்னு இருக்கா. உன் வீட்டு மாடி ரூம்ல தங்கச் சொன்னது நீதான். சுவருக்குக்கூட வண்ணம் அடிச்சே. அடிச்சுட்டுப் போயி இப்படிப் போட்டியா?”

“அவ வரலாமே. ரூம் இருக்கே.”

“ரூம் இருக்கு! எந்தச் சட்டத்துல வருவா? உனக்கு எழுந்து போகணும்னு தோணுனா ஒரு கூட்டத்துலேருந்து போயேன்! ஒரு மேட்ச் பாதியில போயேன்!”

“கத்தாத எர்வே, எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டும்! அதுக்குத்தான் கத்துறேன்!”

டென்சிலும் கத்தினார். முப்பது ஆண்டில் முதல்முறை. உங்கள் பிரஸ்ஸல்ஸ் அதிகாரிகள் எங்கள் ஆற்று மீனை எண்ணுகிறார்கள் என்றார். உங்கள் ஆற்றில் மீனே இல்லை என்றார் எர்வே. கூம்ஃபோர்டின் பிரஜைகளாகிய நாங்கள் அத்தனை பேரும் எங்கள் சூப்பை அதில் எதையோ தொலைத்தவர்கள் போல உற்றுப் பார்த்தோம். வெர்லான்காரர்கள் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நன்றாகக் கவனித்தார்கள். வந்ததிலிருந்து அவர்கள் முகங்களில் இருந்த இறுக்கம் போயிருந்தது.

சண்டை கொஞ்சம் ஓய்ந்த இடத்தில் கென் இருமினார். “பலகையும்… என்னோடதுதான்.” தொடர்ந்து மூலையிலிருந்து சிரில், விழித்துக்கொண்டு, “நானும் வெளியேதான்பா. இதுல ரகசியம் என்ன இருக்கு? யாரும் எங்கிட்டக் கேக்கல,” என்றார்.

எர்வே உட்கார்ந்தார். பத்திரத்தை எடுத்தார். நான் பேனாவை நீட்டினேன். அவர் பத்திரத்தைச் சுருட்டிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“இப்பத்தான் யாரு கூடப் பேசுறோம்னு தெரியுது. அது நல்லது. ஆனா இது என் கையெழுத்து மட்டும் இல்ல. எங்க ஊர்க்காரங்களக் கேக்கணும். நீங்க உங்க ஜனங்களக் கேட்டீங்க இல்ல? நாங்களும் கேக்குறோம். இந்த உறவுல இருக்கறதா, விலகறதான்னு. ஆகஸ்ட்ல.”

ஆகஸ்டுவரை காத்திருந்தோம். அதுதான் எங்களுக்குப் புதிய அனுபவம். நம்மைப் பற்றி வேறோர் ஊரில் ஓட்டுப் போடுகிறார்கள், நமக்கு ஓட்டு இல்லை. நான் வெர்லான் மக்களுக்கு ஒரு நீண்ட வேண்டுகோள் எழுதினேன். உறவில் இருப்பதால் வரும் நன்மைகள், விலகினால் நேரக்கூடிய நஷ்டங்கள், இளைய தலைமுறையின் எதிர்காலம். எழுதி முடித்துப் படித்தால், வசந்தகாலம் முழுதும் எங்கள் கதவிடுக்கில் வந்து விழுந்து நாங்கள் நேரே குப்பையில் போட்ட துண்டுத்தாள்களைப் போலவே இருந்தது. கென் மாட்டுக்கறி சாசேஜ் ஒரு பெட்டி அனுப்பலாம் என்றார். அது லஞ்சம் என்றேன். “பின்ன? லஞ்சம்தான்,” என்றார்.

டென்சில் தினமும் என் வீட்டு வேலிக்கு வந்தார்.

“ரோலண்ட், நம்மள வேணாம்னு சொல்லிடுவாங்களோ?”

“சொல்ல மாட்டாங்க, டென்சில். இத்தன வருஷம் பழகியிருக்கோம்.”

“அத வெச்சுத்தான் கேக்குறேன். பழகினவங்கதானே சொல்ல முடியும்? பழகாதவங்க என்ன சொல்றது?”

அவருக்குப் பின்னால் வந்த மார்லீன் சொன்னாள்: “இப்பத் தெரியுதா, எப்படி இருக்கும்னு? வா, சாப்பாடு ஆறுது.” அவள் அவரோடு பேச ஆரம்பித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதுவரை சாப்பாடு ஆறியதை அவர் தானாகவே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

கமிட்டிக் கூட்டத்தின் நடுவில் டென்சிலின் தொலைபேசி ஒலித்தது. அதை மேசை நடுவில் வைத்தார். எர்வேயின் குரல்.

“முடிவு வந்துடுச்சு. இருக்கறதுன்னு. கொஞ்ச ஓட்டு வித்தியாசம்தான்.”

கென் மேசையைத் தட்டினார். மார்லீன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் தொலைபேசியைப் பார்த்து, “ரொம்ப மகிழ்ச்சி எர்வே, இது இரு ஊர்களின்…” என்று தொடங்கினேன். டென்சில் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். குனிந்து, கூம்ஃபோர்டில் எந்தக் கிறிஸ்தவரும் இன்னொருவரைக் கேட்டிராத கேள்வியைக் கேட்டார்.

“நீ என்ன போட்ட?”

“விலகணும்னு.”

கென் மேசையிலிருந்து கையை எடுத்தார்.

“ஏன்?” என்றார் டென்சில்.

“கோவம். வேற என்ன? இன்னும் இருக்கு.”

டென்சில் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். எர்வேயை விட்டு விலக எங்கள் ஊர் போட்ட ஓட்டை இப்போது எர்வே அவர்மேல் போட்டிருக்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஒரு வித்தியாசம், எர்வே அதைக் கேட்டவுடனே வாயால் சொல்லிவிட்டார்.

“அப்ப செப்டம்பர்ல நான் வர்றதா இருந்தேனே. வரலாமா?”

“இது என்ன கேள்வி? துறைமுகத்துக்கு நான்தான் வரணும். உன்னக் கூட்டிட்டுவர வேற யாரு வருவா? நல்ல செருப்பு போட்டுட்டு வா, இங்க மழ.”

அழைப்பு நின்றது.

“மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டான் பாத்தீங்களா,” என்றார் கென், பாதி வியப்பும் பாதி அருவருப்புமாக.

டென்சில் என் பக்கம் திரும்பினார். “ரோலண்ட், இந்த மாதிரிக் கோவம் எவ்வளவு நாளைக்கு இருக்கும்? நீ படிச்சிருப்பியே.”

“அதுல ரெண்டு விதமான கருத்து இருக்கு, டென்சில்…”

“ரோலண்ட்,” என்றாள் மார்லீன், “ஒரு ஸ்கோன் எடுத்து வாயில வெச்சுக்கோ.”

செப்டம்பரில் டென்சில் தனியாகப் போனார். பேருந்து இல்லை, கமிட்டி இல்லை, மொழிபெயர்க்க நான் இல்லை. திரும்பி வந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“ரெண்டு நாள் சண்ட,” என்றார். “மூணாம் நாள் அவன் ட்ராக்டர் ஆப்பிள் தோட்டத்துல சேத்துல மாட்டிக்கிச்சு. முன்னாடி தள்ளணும்ங்குறான். பின்னாடி தள்ளணும்ங்குறேன் நான். ஆளுக்கொரு பக்கம் நின்னு தள்ளுனோம். கொஞ்சம்கூட அசையல.”

“அப்புறம்?”

“அவன் பொண்டாட்டி பக்கத்துப் பண்ணைலேருந்து வேற ட்ராக்டர் கொண்டுவந்து இழுத்துட்டா. எங்கள அங்கேயே சேத்துல விட்டுட்டுப் போயிட்டா.”

“சமாதானம் ஆயிட்டீங்களா?”

“இல்ல,” என்றார். “வீடு வரைக்கும் நடந்து வரவேண்டியிருந்துச்சு. நல்ல தூரம். யாரு தப்பா தள்ளுனதுன்னு பேசிக்கிட்டே வந்தோம். இன்னும் முடியல. கிறிஸ்துமஸுக்கு அவன் வர்றான், பொண்ணையும் கூட்டிக்கிட்டு. அவளுக்கு ரூம பாக்கணுமாம்.”